தட்டில் இருப்பது எவ்வளவு, உடம்பில் சேர்வது எவ்வளவு: தாதுச்சத்து உறிஞ்சலை அளக்க ஒரு தொடக்க வழிகாட்டி

நூறு கிராம் கேப்பையில் சுமார் 350 மில்லிகிராம் கால்சியம் இருக்கிறது. முருங்கைக்கீரையிலும் இரும்பு, கால்சியம் இரண்டும் உண்டு. தொண்டியிலிருந்து வாலிநோக்கம் வரை இந்தக் கரையோரத்தில் கேப்பைக் கூழும் கீரையும் மீனும் தெரியாத வீடு கிடையாது. அதற்காகச் சத்துப் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, 'இந்த ஊர்ப் பெண்களுக்கு இரும்புக்குறை வர வாய்ப்பில்லை' என்று யாரும் எழுதிவிடக் கூடாது. உணவில் என்ன இருக்கிறது என்பதைத்தான் பட்டியல் சொல்லும். அதில் எவ்வளவு குடல் சுவரைத் தாண்டி ரத்தத்துக்குப் போனது என்பதைத் தனியாகத்தான் அளக்க வேண்டும்.

ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் பக்கம் உணவியல், உயிர்வேதியியல், பொது சுகாதாரம் படித்துவிட்டு இந்த வேலையில் இறங்கும் பிள்ளைகளை மனத்தில் வைத்து எழுதுகிறேன். கருவியைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்கிறார்கள். கருவி கடைசியில் வரட்டும். யார் சாப்பிடுகிறார், எதோடு சேர்த்துச் சாப்பிடுகிறார், எந்த மாதத்தில் சாப்பிடுகிறார் என்ற மூன்றையும் சரியாகப் பிடிக்காவிட்டால், கோடி ரூபாய்க் கருவி தரும் எண்ணும் உதவாது.

படி 1: எந்தத் தாது, என்ன கேள்வி

'தாதுச்சத்து உறிஞ்சல்' என்று பொதுவாகச் சொன்னாலும் ஒவ்வொரு தாதுவும் ஒவ்வொரு விதம். சோடியம் கிட்டத்தட்ட முழுவதும் உள்ளே போய்விடும். அதன் உறிஞ்சலை அளப்பது வீண் வேலை. அயோடினும் சுமார் 90 விழுக்காடு சேர்ந்துவிடும், பிறகு சிறுநீரில் வெளியேறும். அதனால் ஒரு ஊருக்கு அயோடின் போதுமா என்று பார்க்க, பலரின் சிறுநீரை எடுத்து நடு எண்ணைப் பார்த்தாலே போதும். லிட்டருக்கு 100 முதல் 299 மைக்ரோகிராம் வரை இருந்தால் சரி.

சிக்கல் இருப்பது இரும்பு, துத்தநாகம், கால்சியம், மக்னீசியம் இவற்றில்தான். அதிலும் இரும்புதான் பெரிய தலைவலி. மீன், இறைச்சியின் ரத்தச்சிவப்பில் இருக்கும் ஹீம் இரும்பு 15 முதல் 35 விழுக்காடு வரை சேரும். கீரை, தானியம், பருப்பில் இருக்கும் மற்ற இரும்பு 2 விழுக்காடும் சேரலாம், 20 விழுக்காடும் சேரலாம். கூட என்ன சாப்பிட்டார், அவர் உடம்பில் ஏற்கெனவே எவ்வளவு இரும்பு சேமிப்பில் இருக்கிறது, இந்த இரண்டும்தான் அதைத் தீர்மானிக்கின்றன.

இந்தக் கட்டுரை முழுவதற்கும் ஒரே கேள்வியை வைத்துக்கொள்வோம்: மீன் குழம்பில் போடும் முண்டு மிளகாய், அந்தச் சாப்பாட்டிலிருந்து இரும்பு சேர்வதைக் குறைக்கிறதா? இது சும்மா எழுந்த கேள்வி இல்லை. 2006-ல் தாய்லாந்தில் இளம்பெண்களிடம் நடத்திய ஆய்வில், இரும்பு சேர்த்த சாப்பாட்டோடு மிளகாய் சேர்ந்தபோது உறிஞ்சல் 38 விழுக்காடு குறைந்தது. மஞ்சள் எதையும் குறைக்கவில்லை. நம் முண்டு மிளகாய் 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய பயிர், இந்த மாவட்டத்துச் சம்சாரிகளின் வாழ்வாதாரம். அதோடு, மீன் சதையே தானிய இரும்பு சேர்வதைக் கூட்டும். ஒன்று குறைக்க, ஒன்று கூட்ட, ஒரே சட்டியில் இரண்டும் கொதிக்கின்றன. இதை அளந்து பார்த்துத்தான் பேச வேண்டும்.

கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள். எந்தத் தாது, எந்த உணவு, எதோடு ஒப்பிடுகிறோம், யாரிடம் என்ற நான்கும் அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும்.

படி 2: தட்டைப் படியுங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள்.

நம் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். நாட்டுப்படகு போகும், ஆனால் சந்தைக்கு வரும் மீனும் விலையும் மாறிவிடும், வீட்டில் பணப்புழக்கமும் சுருங்கும். மே மாதத்தில் வீடு வீடாகப் போய் 'நேற்று என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்டால் கருவாட்டுக் குழம்பும் ரசமும்தான் வரும். அதே வீட்டில் ஆகஸ்டில் கேட்டால் காரல், சூடை, நெத்திலி, நண்டு என்று வரும். ஒரு மாதக் கணக்கை வைத்து வருடம் முழுக்க எழுதினால் அது பொய்க்கணக்கு. தடைக்காலத்தில் ஒரு முறை, கடல் திறந்த பிறகு ஒரு முறை என இரண்டு முறையாவது தட்டைப் பார்க்க வேண்டும். கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம் போன்ற ஊர்களில் நோன்பு மாதத்தைத் தனியாகக் கணக்கில் எடுங்கள். அந்த மாதத்தில் சாப்பிடும் நேரமே தலைகீழாக மாறுகிறது.

கேட்டு எழுதுவது போதாது, எடை போட வேண்டும். நம்பகமான முறை இரட்டைத் தட்டு. வீட்டார் சாப்பிடும் ஒவ்வொன்றையும் அதே அளவு இன்னொரு பிளாஸ்டிக் டப்பாவில் எடுத்து, நாள் முடிவில் ஒன்றாக அரைத்து, அதிலிருக்கும் தாதுவை ஆய்வகத்தில் அளப்பது. அதற்கான செலவை வீட்டாருக்குக் கொடுத்துவிட வேண்டும். காரல் குழம்பில் இன்னொரு வேலையும் இருக்கிறது. அக்கா முள்ளை மென்று சாப்பிடுகிறாரா, துப்புகிறாரா என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். சிறு காரலை மொறுமொறுவென்று பொரித்தால் தலை முதல் வால் வரை உள்ளே போகும். குழம்பில் போட்டால் நடுமுள் தட்டோரத்துக்கு வந்துவிடும். கால்சியம் கணக்கில் இந்த இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். சாப்பிட்டு முடித்ததும் தட்டோரத்து முள்ளைப் பொறுக்கி, அதையும் எடை போட்டு, இரட்டைத் தட்டிலிருந்து கழிக்க வேண்டும்.

விட்டுப்போகும் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது தண்ணீர். இங்கே பல ஊர்களில் நிலத்தடி நீர் உப்பும் கடினமும் ஆனது. கால்சியமும் மக்னீசியமும் தண்ணீரிலேயே கணிசமாக வரும். காவிரிக் கூட்டுக்குடிநீர் வரும் தெருவுக்கும், ஊருணி, கிணறு நம்பும் தெருவுக்கும் இதில் வேறுபாடு உண்டு. குடிக்கும் நீர், உலை வைக்கும் நீர் இரண்டிலும் மாதிரி எடுங்கள். இரண்டாவது பாத்திரம். இரும்புச் சட்டியில் புளி ஊற்றிக் கொதிக்க வைத்தால் சட்டியின் இரும்பு குழம்பில் இறங்கும். மண்சட்டியா, இரும்பா, அலுமினியமா என்று குறித்துக்கொள்ளாமல் வீட்டை விட்டு வராதீர்கள். மூன்றாவது தேத்தண்ணி. சாப்பாட்டோடு குடிக்கும் ஒரு கோப்பைத் தேயிலை இரும்பு உறிஞ்சலைப் பாதியளவுக்குக் குறைக்கும் என்று பெங்களூரில் இளம்பெண்களிடம் செய்த ஐசோடோப் (ஒரே தனிமத்தின் எடை மாறுபட்ட அணு வகை) ஆய்வு 2008-ல் காட்டியது. 'காலையில் என்ன சாப்பிட்டீங்க' என்று கேட்டால் தேத்தண்ணியை யாரும் சொல்ல மாட்டார்கள், அது சாப்பாட்டுக் கணக்கிலேயே வராது. தனியாகக் கேளுங்கள்: எத்தனை மணிக்கு, சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா.

உப்பையும் பாருங்கள். தமிழ்நாடு உப்புக் கழகத்தின் உப்பளம் இந்த மாவட்டத்து வாலிநோக்கத்தில்தான் இருக்கிறது. இரும்பும் அயோடினும் சேர்த்த உப்பு புழக்கத்தில் இருக்கும்போது, வீட்டில் எந்த உப்பு வாங்குகிறார்கள் என்பதே இரும்புக் கணக்கை மாற்றும்.

படி 3: ஆளைத் தொடுமுன் குழாயில் பாருங்கள்

எடுத்த எடுப்பில் மனிதர்களிடம் போக வேண்டாம். ஆய்வகத்திலேயே ஒரு செயற்கை ஜீரணம் செய்து பார்க்கலாம். 2014-ல் பல நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து வகுத்த இன்ஃபோஜெஸ்ட் என்ற முறை இப்போது பரவலாக இருக்கிறது. அரைத்த சாப்பாட்டை 37 டிகிரி சூட்டில் வைத்து, செயற்கை உமிழ்நீரோடு 2 நிமிடம், அப்புறம் அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். எண் 3-ல் (எண் குறைந்தால் அமிலம் அதிகம்) வயிற்று நொதியோடு 2 மணி நேரம், பிறகு 7-ல் கணைய நொதியும் பித்த உப்பும் சேர்த்து இன்னொரு 2 மணி நேரம் வைப்பார்கள். கடைசியில் கரைந்து நிற்கும் தாது எவ்வளவு, மெல்லிய சவ்வுப் பையைத் தாண்டிப் போன தாது எவ்வளவு என்று அளப்பார்கள். சவ்வுப் பை வழி 1981-லிருந்தே இருக்கிறது. மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தில் நம் நாட்டுத் தானியம், பருப்பு, வெங்காயம், பூண்டு என்று நிறைய இந்த வழியில் பார்த்திருக்கிறார்கள்.

இன்னும் ஒரு படி மேலே போனால் கேகோ-2 என்ற செல். மனிதப் பெருங்குடல் கட்டி ஒன்றிலிருந்து வளர்த்தெடுத்த இந்தச் செல்கள் சிறுகுடல் சுவர் போலவே நடந்துகொள்ளும். ஜீரணமான கூழை அதன்மேல் விட்டால், எவ்வளவு இரும்பு உள்ளே போகிறதோ அந்த அளவுக்குச் செல் ஃபெரிட்டின் என்ற புரதத்தை உருவாக்கும். அந்த ஃபெரிட்டினை அளந்தால் எந்தச் சாப்பாடு மேல் என்று வரிசைப்படுத்தலாம்.

இந்த வரிசை மட்டும்தான் இவற்றால் கிடைக்கும். 'இந்தக் குழம்பிலிருந்து 7 விழுக்காடு சேரும்' என்று குழாயை வைத்துச் சொல்லக் கூடாது. மிளகாய் போட்டது, போடாதது, பாதி போட்டது, மீனோடு, மீனில்லாமல் என்று பத்து வகைச் சட்டி இருந்தால், அதில் மனிதர்களிடம் எடுத்துப் போக வேண்டிய இரண்டைத் தேர்ந்தெடுக்கவே குழாய்.

துத்தநாகத்துக்கு இதைவிட எளிய ஒரு கணக்கு உண்டு. தானியத்திலும் பருப்பிலும் இருக்கும் பைட்டேட் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பைட்டேட் மில்லிகிராமை 660-ஆலும், துத்தநாக மில்லிகிராமை 65.4-ஆலும் வகுத்து, முதல் விடையை இரண்டாம் விடையால் வகுங்கள். ஒரு நாள் சாப்பாட்டில் பைட்டேட் 660, துத்தநாகம் 3.3 என்றால் விகிதம் சுமார் 20 வரும். 15-ஐத் தாண்டினாலே உறிஞ்சல் மோசம் என்று கொள்வது வழக்கம். கேப்பையை ஊறவைத்து முளைகட்டி அரைத்தாலும், மாவைப் புளிக்க வைத்தாலும் இந்த எண் இறங்குவதை நீங்களே பார்க்கலாம்.

ஆய்வகச் சுத்தம் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டீல் பிளேடு போட்ட மிக்ஸியில் சாப்பாட்டை அரைத்தால் மிக்ஸியின் இரும்பும் சேர்ந்துவிடும். பீங்கான் கத்தி, பிளாஸ்டிக் டப்பா, நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் ஊறவைத்துக் கழுவிய குழாய்கள் வேண்டும். துத்தநாகத்துக்கு ரப்பர் மூடியும் பவுடர் கையுறையும் எதிரி.

படி 4: மனிதர்களிடம் அளக்க எந்த முறை

பழைய முறை சமநிலைக் கணக்கு. உள்ளே போனதை அளந்து, மலத்தில் வந்ததைக் கழிப்பது. நாளுக்கு 600 மில்லிகிராம் கால்சியம் சாப்பிட்டு மலத்தில் 480 வந்தால், 120 சேர்ந்தது, அதாவது 20 விழுக்காடு என்று தோன்றும். ஆனால் அந்த 480-ல் சுமார் 100 மில்லிகிராம் உடம்பே பித்தநீர், குடல்நீர் வழியாக வெளியே விட்டது. அதைக் கழித்தால் உண்மையான உறிஞ்சல் 220, அதாவது கிட்டத்தட்ட 37 விழுக்காடு. இந்த இடைவெளியைச் சமநிலைக் கணக்கால் தனியாகப் பிரித்துக் காட்ட முடியாது. அதோடு நாள்கணக்கில் ஒரே சாப்பாடு, தொடக்கத்தையும் முடிவையும் குறிக்க நிறச்சாயம், ஒரு நாள் மலம் கூட விடாமல் சேகரிப்பு. பாம்பனில் ஒரு மீனவர் குடும்பத்திடம் இதைக் கேட்பதும் ஒன்று, வேண்டாம் என்று அவர்களை விரட்டுவதும் ஒன்று. ஆராய்ச்சிக் கூடத்தில் தங்க வைத்துச் செய்யும் முறை இது, ஊருக்குள் செய்யும் முறை அல்ல.

சாப்பிட்ட பிறகு மணிக்கொரு தடவை ரத்தம் எடுத்து இரும்பு ஏறுகிறதா என்று பார்ப்பது இன்னொரு வழி. அறுபது, நூறு மில்லிகிராம் மாத்திரைக்கு அது ஓரளவு காட்டும். ஒரு வேளைச் சாப்பாட்டில் இருக்கும் நாலைந்து மில்லிகிராமுக்குக் காட்டாது. விட்டுவிடுங்கள்.

இப்போது நம்பகமானது நிலையான ஐசோடோப் முறை. இயற்கை இரும்பு நான்கு வகை அணுக்களின் கலவை. இரும்பு-56 மட்டும் 91.75 விழுக்காடு, இரும்பு-57 சுமார் 2.1, இரும்பு-58 வெறும் 0.28 விழுக்காடு, மீதி இரும்பு-54. இந்த அரிய வகைகளில் ஒன்றைத் தனியாகப் பிரித்தெடுத்துச் சாப்பாட்டில் கலந்துவிட்டால், அந்தச் சாப்பாட்டின் இரும்புக்கு அது அடையாளக் குறி ஆகிவிடும். இவற்றில் கதிர்வீச்சு இல்லை. முன்பு இரும்பு-59, இரும்பு-55 என்ற கதிரியக்க வகைகளைப் பயன்படுத்தினார்கள். இரும்பு-59-இன் அரை ஆயுள் 44.5 நாள். அதெல்லாம் இப்போது பெண்களிடமும் குழந்தைகளிடமும் வேண்டாம்.

ஆனால் கலந்த குறி, சாப்பாட்டிலேயே இருக்கும் தாதுவோடு ஒன்றாகிறதா என்று பார்க்க வேண்டும். கீரை, தானியத்தின் இரும்போடு அது நன்றாகக் கலந்துவிடும். ஹீம் இரும்போடு கலக்காது. நெத்திலி முள்ளின் கால்சியத்தோடு கலக்குமா என்பதை முதலில் குழாயில் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். சிறு மீனின் முள்ளில் உள்ள கால்சியம் பால் கால்சியம் அளவுக்கே சேர்கிறது என்று 1998-ல் டென்மார்க்கில் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. வங்கதேசத்துச் சிறு மீனை வைத்துச் செய்தது அது. நம் நெத்திலிக்கும் காரலுக்கும் அப்படி ஒன்று செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

படி 5: இரும்புச் சோதனை, நாள் நாளாக

நம் முண்டு மிளகாய்க் கேள்விக்கு வருவோம். சாப்பாடு அ: சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், மிளகாய் போட்ட மீன் குழம்பு. சாப்பாடு ஆ: அதே சோறு, அதே கீரை, அதே மீன், மிளகாய் மட்டும் இல்லை. அ-வில் இரும்பு-57, ஆ-வில் இரும்பு-58. ஒரே பெண் இரண்டையும் சாப்பிடுவார், அதனால் அவருக்கு அவரே ஒப்பீடு. பாதிப் பேர் அ-வில் தொடங்கட்டும், மீதிப் பேர் ஆ-வில். இப்படி ஒருவரிடமே இரண்டையும் ஒப்பிடும்போது 15 முதல் 25 பேர் பெரும்பாலும் போதும்.

முதல் நாள் காலை, இரவு முழுக்க வெறும் வயிறாக வந்தவரிடம் முதலில் ரத்தம் எடுக்க வேண்டும். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சி.ஆர்.பி., இயற்கை ஐசோடோப் விகிதம், இந்த நான்கும் அதில் தெரிய வேண்டும். ஃபெரிட்டின் லிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே இருந்தால் சேமிப்பு காலி என்று பொருள். ஆனால் காய்ச்சலோ தொற்றோ இருந்தால் ஃபெரிட்டின் பொய்யாக ஏறி நிற்கும். மழைக்காலத்தில் காய்ச்சல் சுற்றும்போது இந்தச் சோதனையை வைத்துக்கொள்ளாதீர்கள். அழற்சி இருந்தால் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, குடலின் கதவையே சாத்திவிடும். அப்போது எந்தக் குழம்பைக் கொடுத்தாலும் ஒன்றுதான்.

சமையல் எல்லாருக்கும் ஒரே இடத்தில், ஒரே நாளில், சுத்திகரித்த நீரில். குழம்பைப் பங்கு பங்காக எடை போட்டு உறையவைத்துக்கொள்ளலாம். ஐசோடோப் கரைசல் சிறு குப்பிகளில், ஒருவருக்கு ஒன்று என்று முன்கூட்டியே எடை போட்டு வைத்திருக்க வேண்டும். பரிமாறும்போது குப்பியை அவர் தட்டுக் குழம்பில் கவிழ்த்து, கொஞ்சம் நீர் விட்டுக் குலுக்கி, அந்த நீரையும் ஊற்றி, மறுபடி இரண்டு தடவை அப்படியே செய்ய வேண்டும். தட்டையும் விட்டுவிடக் கூடாது. கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டு, தட்டை நீர் விட்டு அலசி அதையும் குடித்துவிட வேண்டும். இதைக் கேட்டதும் முகம் சுளிப்பார்கள். முதலிலேயே சொல்லிவிடுங்கள், அப்போது சங்கடம் இல்லை. பிறகு 3 மணி நேரம் சாப்பாடு, தேத்தண்ணி எதுவும் கிடையாது.

இரண்டாம் சாப்பாடு மறுநாளே வேண்டாம், ஒரு நாள் விட்டு மூன்றாம் நாள். இரும்பு உள்ளே போனதும் ஹெப்சிடின் ஏறி, அடுத்த நாள் உறிஞ்சலைக் குறைக்கக்கூடும். கூடுதல் அளவு இரும்பு மாத்திரையில் இது நன்றாகத் தெரியும்.

அப்புறம் 14 நாள் காத்திருப்பு. உள்ளே போன இரும்பு எலும்பு மஜ்ஜையில் புதுச் சிவப்பணுக்களாக மாறி ரத்தத்துக்கு வர அவ்வளவு நாள் ஆகும். பதினேழாம் நாள் மறுபடி ரத்தம் எடுத்தால், அதன் இரும்பில் இரண்டு குறிகளும் தனித்தனியாகத் தெரியும்.

கணக்கு இப்படி. பெண்ணின் எடை 45 கிலோ, கிலோவுக்கு 65 மில்லிலிட்டர் ரத்தம் என்று கொண்டால் சுமார் 2.9 லிட்டர். ஹீமோகுளோபின் லிட்டருக்கு 110 கிராம். அப்படியானால் மொத்தம் 319 கிராம். ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.47 மில்லிகிராம் இரும்பு. ஆக ரத்தத்தில் ஓடுவது சுமார் 1,100 மில்லிகிராம் இரும்பு. அதில் இயற்கையாகவே 23 மில்லிகிராம் அளவுக்கு இரும்பு-57 இருக்கும். நாம் கொடுத்தது 4 மில்லிகிராம். சோதனையில் 0.32 மில்லிகிராம் கூடியிருப்பதாக வந்தால், சேர்ந்த இரும்பில் 80 விழுக்காடுதான் சிவப்பணுவுக்குப் போகும் என்ற வழக்கமான கணக்கின்படி, சேர்ந்தது 0.40 மில்லிகிராம். அதாவது 10 விழுக்காடு. இருபத்து மூன்றின் மேல் கால் மில்லிகிராம், அரை மில்லிகிராம் கூடுவதைப் பிடிக்க வேண்டியிருப்பதால்தான் அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் உயர்ந்த மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் தேவைப்படுகிறது.

படி 6: கால்சியமும் துத்தநாகமும்

கால்சியம் சிவப்பணுவில் போய் உட்காராது, அதனால் இரண்டு குறி தேவை. கால்சியம்-44-ஐக் கேப்பைக் களியோடு வாய்வழியாகக் கொடுத்து, கால்சியம்-42-ஐ நரம்பில் ஊசியாகப் போட்டு, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்க வேண்டும். நரம்பில் போட்டது முழுவதும் உடம்புக்குள்ளே போனது. வாயில் கொடுத்ததன் ஒரு பங்குதான் போனது. கொடுத்த அளவில் எத்தனை விழுக்காடு சிறுநீரில் வந்தது என்று இரண்டுக்கும் பார்த்து, வாய்க்குறியை நரம்புக்குறியால் வகுத்தால் உறிஞ்சல் கிடைத்துவிடும். வாய்க்குறி 3 விழுக்காடு, நரம்புக்குறி 12 என்றால் உறிஞ்சல் 25 விழுக்காடு. பாலில் சுமார் 30 விழுக்காடும், கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் ஆக்சலேட் நிறைந்த பாலக்கீரையில் 5 விழுக்காடும் என்று இந்த வகைச் சோதனைகளில் வந்திருக்கிறது. துத்தநாகத்துக்கும் இதே உத்திதான், நாலைந்து நாள் கழித்து எடுக்கும் சிறுநீரில் பார்ப்பார்கள். ஊசி வருவதால் மருத்துவர் பக்கத்தில் இல்லாமல் செய்யவே கூடாது.

படி 7: மக்களிடம் பேசுவது

நெறிமுறைக் குழுவின் அனுமதியும், இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவும் முதல் ரத்தத் துளிக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும். காகிதம் முடிந்ததும் உண்மையான வேலை தொடங்கும்.

கடல்பாசி எடுக்கப் போகும் பெண்கள் நீர் வற்றும் நேரம் பார்த்துக் கிளம்புவார்கள். மீன் விற்கும் பெண்கள் விடியுமுன்னே கரையில் இருப்பார்கள். காலை எட்டு மணிக்கு வெறும் வயிற்றோடு வாருங்கள் என்று நாம் எழுதி வைத்தால் அந்த நாள் கூலி போகும். அந்தக் கூலியைக் கணக்கில் போட்டுத் திட்டம் எழுதுங்கள். மாதவிடாய் தேதி, கர்ப்பம், சமீபத்தில் இரத்த தானம், இரும்பு மாத்திரை இவற்றையெல்லாம் ஒரு பெண்தான் கேட்க வேண்டும், தனியாக.

தங்கச்சிமடத்தில் ஒரு அக்கா கேட்ட கேள்வி எல்லா ஊரிலும் வரும்: "ஏந் தங்கச்சி, இத்தனை ரத்தம் எடுத்து எங்க கொண்டு போறீக? விக்கிறீகளோ?" கோபப்படக் கூடாது, சிரித்து மழுப்பவும் கூடாது. குழாயைக் கையில் கொடுத்து, "இதுல ரெண்டு ஸ்பூன் அளவுதாங்க்கா. பெங்களூருக்கோ ஹைதராபாத்துக்கோ போகும். அங்க உங்க சாப்பாட்டு இரும்பு எவ்வளவு ஒட்டுச்சுன்னு பாப்பாங்க. பாத்ததும் மிச்சத்தை அழிச்சிருவாங்க" என்று சொன்னால் புரிந்துகொள்வார்கள். அப்படிச் சொல்வதற்கு, மிச்சத்தை அழிப்பதாக அனுமதிக் காகிதத்திலும் இருக்க வேண்டும். 'இரும்பு' என்றதும் சிலர் ஆணி, கம்பி என்று நினைத்துப் பயப்படுவார்கள். முருங்கைக்கீரையில் இருக்கும் அதே இரும்பு, கதிர்வீச்சு கிடையாது என்று பொறுமையாகச் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 8 கிராமுக்குக் கீழே (லிட்டருக்கு 80) இருப்பவரைச் சோதனையில் சேர்க்காமல் அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போங்கள். 8-க்கும் 12-க்கும் இடையில் இருப்பவரிடம் அவர் எண்ணைச் சொல்லி, சோதனை முடியும்வரை காத்திருப்பதா, இப்போதே மாத்திரை தொடங்குவதா என்று அவரே முடிவெடுக்க விடுங்கள். மாத்திரை தொடங்கினால் சோதனையிலிருந்து ஒருவர் குறைவார், அவ்வளவுதான்.

படி 8: எண்ணைப் படிப்பது

ஒருவருக்கு 3 விழுக்காடு, பக்கத்து வீட்டுக்காரருக்கு 22 விழுக்காடு என்று வந்தால் பதறாதீர்கள். சேமிப்பு குறைந்தவர் உடம்பு கூடுதலாக இழுத்துக்கொள்ளும். அதனால் சாதாரணச் சராசரி ஏமாற்றும். மடக்கை எடுத்துப் பெருக்கல் சராசரி போட வேண்டும். வேறு ஊர் ஆய்வோடு ஒப்பிட வேண்டுமானால் ஃபெரிட்டின் அளவுக்கு ஏற்பத் திருத்த வேண்டும். அல்லது, வைட்டமின் சி-யோடு 3 மில்லிகிராம் இரும்பு உப்பைத் தனியாகக் கொடுத்து அதன் உறிஞ்சலை 40 விழுக்காட்டுக்குச் சமமாக வைத்து மற்றதை அளவிட வேண்டும். ஃபெரிட்டின் அட்டவணை இல்லாமல் உறிஞ்சல் விழுக்காட்டை மட்டும் வெளியிடும் கட்டுரையை நான் நம்புவதில்லை.

விழுக்காட்டை மில்லிகிராமாக மாற்றியும் எழுதுங்கள். பெண்களுக்கு நாளுக்கு 29 மில்லிகிராம் இரும்பு என்று 2020-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) பரிந்துரைத்ததே, நம் தானியச் சாப்பாட்டிலிருந்து 8 விழுக்காடுதான் சேரும் என்ற கணக்கின்மேல்தான். நீங்கள் அளந்த எண் அதற்கு மேலா கீழா என்பதுதான் இந்தக் கரைக்கு வேண்டிய செய்தி.

கருவி இல்லாத கல்லூரி எங்கே தொடங்குவது

நம் பக்கத்துக் கல்லூரிகளில் ஐசோடோப் அளக்கும் கருவிக்கு ஆசைப்பட வேண்டாம். பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம், ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் போன்ற இடங்களோடு சேர்ந்துதான் அது நடக்கும். அங்கே கடிதம் எழுதுமுன் உங்கள் கையில் இருக்க வேண்டியது என்னவென்றால்: தடைக்காலத்திலும் கடல் திறந்த பிறகும் எடுத்த இரட்டைத் தட்டுகள், தண்ணீர், உப்பு, பாத்திர விவரம், பைட்டேட் விகிதம், ஒப்புதல் தந்த பெண்களின் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின், சி.ஆர்.பி. இவை எல்லாம் இங்கேயே ஆகக்கூடியவை. ஒரு எடைத்தராசு, பீங்கான் கத்தி, உறைபெட்டி, மாவட்டத் தலைநகரில் கிடைக்கும் ரத்தப் பரிசோதனை வசதி போதும். தட்டுகளை எடுக்க ஏப்ரல் கடைசி வாரத்திலேயே வீடுகளைப் பேசி வைத்துவிடுங்கள். மே நடுவில் போனால் பாதி வீட்டில் ஆண்கள் வேறு ஊருக்கு வேலைக்குப் போயிருப்பார்கள், சமையலும் அதற்கேற்ப மாறியிருக்கும்.